கொடைமலையில் ஒரு கைதி மன்னர்

முடிதரித்தோரைப் புகழ்வது நமது ஏட்டின் வழக்கமன்று. அரண்மனைகள் உழைப்பவனின் வியர்வையிலே எழுந்தவை என்பதை மறந்தவர்களும் அல்லர் நாம். எனினும் ஒரு மன்னரைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

எங்கள் வேடசந்தூரிலிருந்தும் கொடைக்கானலுக்குச் செல்வோர் பலர். ஏரி காண்கின்றனர், குளிரிலே மகிழ்கின்றனர், திரும்புகின்றனர். அந்த மலையிலே, பஞ்சாபின் நாபா நாட்டு மன்னர் ரிபுதமன் சிங் 1928 முதல் 1942 டிசம்பரில் கண்மூடும்வரை வழக்கு விசாரணையேதுமின்றிக் காவலில் வைக்கப்பட்டிருந்தார் என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

1883இல் பிறந்த அவர், பட்டமேறுமுன் வைசிராயின் சட்டமன்றத்தில் உறுப்பினர். அங்கே 1908இல் அவர் கொணர்ந்ததுதான் ஆனந்த் திருமண மசோதா. சீக்கியர் தம் மறைநூல் முன்னிலையில், வேள்வித்தீயும் பார்ப்பனப் புரோகிதரும் இன்றி மணம் முடித்துவந்தனர். அம்மணம் சட்டப்படி செல்லுமா என்ற ஐயம் எழுந்தது. செல்லாதெனில் மனைவிக்கு உரிமை ஏது? மக்களுக்குச் சொத்து ஏது? வைதிகர் கொதித்தனர். ஆயினும் சுந்தர் சிங் மஜீதியா அதனைத் தொடர்ந்து நடத்த, 1909இல் சட்டமாயிற்று. ஐந்தே பிரிவுகள்! முன்னர் நடந்த மணங்களும் செல்லும் என்றது அது.

தோழர்களே, இது நமக்குப் பழகிய கதையன்றோ? நம் சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லாதவை என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. 1967இல் அண்ணாவின் அரசு இயற்றிய சட்டமும் முன்னர் நடந்தவற்றுக்குச் சேர்த்தே உயிர் கொடுத்தது. பஞ்சாபுக்கும் நமக்கும் இடையே 58 ஆண்டுகள்!

வேறுபாடும் உண்டு, அதை மறைக்கலாகாது. அங்கே தீயை வலம்வந்த கால்கள் நூலை வலம்வந்தன. இங்கோ மாலையோ மோதிரமோ தாலியோ போதும். சுற்றத்தார் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும்.

1911இல் அரியணை ஏறிய ரிபுதமன் சிங் அகாலிகளின் கிளர்ச்சியில் பரிவு காட்டினார். வெள்ளை அரசின் கண் சிவந்தது. பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்குடன் அவருக்கிருந்த பகை அதற்கு வாய்ப்பாயிற்று. பாட்டியாலாவைச் சார்ந்தோர்மீது பொய்வழக்குப் புனைந்தார் என்ற குற்றச்சாட்டுகளிற் பலவற்றை, விசாரித்த நீதிபதி மெய்யென்றார். அவரைக் குற்றமற்ற தியாகியாக்க எனக்கு விருப்பமில்லை. அரசர் கைக்கு எட்டிய நீதிமன்றங்கள் எவ்வாறிருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் அதே குற்றம் புரிந்து, வெள்ளையனுக்கு வணங்கிய மன்னர் எவர் முடியிழந்தார்?

1923 ஜூலையில் அவர் பதவி துறக்கச் செய்யப்பட்டார். ஜைத்தோவில் அறப்போர் மூண்டது. காணச் சென்ற நேருவும் நம் தமிழகத்துக் கே. சந்தானமும் ஒரே விலங்கில் பிணைக்கப்பட்டு நாபாச் சிறைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். 1924 பிப்ரவரி 21 அன்று ஊர்வலமாய் வந்த அகாலிகள்மீது குண்டுகள் பாய்ந்தன, பலர் மாண்டனர்.

பதவி போனபின்னும் அவர் அடங்கவில்லை. 1928 பிப்ரவரியில் மகாராஜா என்ற பட்டம் பறிக்கப்பட்டது, உதவித்தொகை குறைக்கப்பட்டது, 1818ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறை என்னும் துருப்பிடித்த வாளைக் காட்டி அவரைக் கொடைமலைக்கு ஏற்றினர். சிறுவனான அவர் மகனுக்கு முடி சூட்டினர்.

அதே 1928இல்தான், மலைக்குத் தெற்கே அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில், பெரியார் முன்னிலையில் புரோகிதரின்றி முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது.