லினக்ஸ் கொம்பியூட்டரில் மைக் வேலை செய்யவில்லையா? கடைக்குக் கொண்டுபோக முன் இதைப் பாருங்கள்



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. பழைய கொம்பியூட்டர்கள் பலவற்றில் வின்டோஸ் 11 ஏறாது. அதனால் அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எமக்குத் தெரிந்த சில வீடுகளில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போட்டிருக்கிறார்கள். நல்ல விடயம். லினக்ஸ் எமக்கு அந்நியமானதும் அல்ல. எமது ஹந்தானையின் பெயரிலேயே, பெடோராவை அடிப்படையாக வைத்து, ஹந்தான லினக்ஸை உருவாக்கியவர்கள் இலங்கையர்கள்தான்.

ஆனால் பெற்றோரிடமிருந்து ஒரே முறைப்பாடு வருகிறது: "படம் வருது, சத்தம் வருது, பிள்ளை பேசினா மட்டும் அங்கால கேக்குதில்ல."

ஒரு வாப்பா கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கே போய்விட்டார். சவுண்ட் கார்ட் பழுது, மாற்ற வேண்டும் என்றார்களாம். காசு கொடுக்க முன் எம்மிடம் கேட்டார். பார்த்தால் எதுவும் பழுதில்லை. போனுக்குரிய ஒற்றை ப்ளக் ஹெட்செட்டைக் குத்தியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. ப்ளக். போன் ஹெட்செட்டின் ப்ளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். காதுக்கும் மைக்குக்கும் அது ஒன்றேதான். பழைய டெஸ்க்டொப்பில் பச்சை ஓட்டை சத்தத்துக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. இரண்டாகப் பிரிக்கும் சிறிய வயர் தேவை. சில நூறு ரூபாய்தான். ஹெட்செட் வயரில் மைக்கை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள்.

2. செட்டிங்ஸில் சவுண்ட், அதில் இன்புட். வெப்கேம் இருந்தால் அதன் மைக் தெரிவாகியிருக்கலாம். சரியானதைத் தெரிவுசெய்துவிட்டுப் பேசுங்கள். கோடு அசைகிறதா? அசைந்தால் கொம்பியூட்டர் உங்கள் குரலைக் கேட்கிறது. பிரச்சினை ஸூமில் அல்லது பிரவுசரில். ஸூமில் மைக் படத்துக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தி மைக்கை மாற்றலாம். பிரவுசரில் முகவரிக்கு முன்னாலுள்ள அடையாளத்தை அழுத்தி மைக்குக்கு அனுமதி கொடுங்கள்.

3. கோடு அசையவில்லையா? டெர்மினலைத் திறந்து ஆல்சாமிக்ஸர் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டையும், எஃப்4 அழுத்தி பதிவுப் பக்கத்தையும் எடுங்கள். கெப்சர் அணைந்திருந்தால் ஸ்பேஸ் விசையால் எழுப்பலாம். முன் மைக்கா பின் மைக்கா என்று கேட்கும் இடமிருந்தால், நீங்கள் குத்திய பக்கத்தைக் கொடுங்கள். மைக் பூஸ்டை ஒரு படி ஏற்றினால் போதும், கூட்டினால் இரைச்சல்தான் வரும்.

4. அப்படியும் இல்லையென்றால் பல்ஸ் ஓடியோ வொல்யூம் கொன்ட்ரோல் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் கொன்பிகரேஷன் பக்கத்தைத் திறவுங்கள். அங்கே அவுட்புட் மட்டும் தெரிவாகியிருந்தால் மைக் என்ற ஒன்றே இல்லாதது போலிருக்கும். டூப்ளெக்ஸ் என்று மாற்றுங்கள். உள்ளே போவதும் வெளியே வருவதும் இரண்டும் என்று அர்த்தம்.

5. சவுண்ட் கார்ட் உண்மையிலேயே செத்திருந்தாலும் கொம்பியூட்டரை வீசத் தேவையில்லை. யூஎஸ்பி ஹெட்செட் ஒன்றைக் குத்துங்கள். அதற்குள்ளேயே சவுண்ட் கார்ட் இருக்கிறது.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின் இணையவழி வகுப்பு நடத்திய ஆசிரியர்களுக்குத் தெரியும், மைக் இல்லாத பிள்ளை மெதுமெதுவாகக் கேட்பதோடு நின்றுவிடும். கேள்வி வந்தால் சாட்டில் ஒரு சொல் எழுதும். பிறகு அதுவும் குறையும். கணக்கை எழுதிக் காட்டலாம். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பேசித்தான் பழக வேண்டும். குர்ஆன் ஓதலையும் ஓதிக்காட்டினால்தான் உஸ்தாத் திருத்த முடியும். அதிலும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு, மைக் வேலை செய்யாதது பேசாமலிருக்க ஒரு சாட்டாகிவிடும். வீட்டில் யாருக்கும் அது விளங்காது.

எனவே இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். முடிந்தால் அந்த விசைகளைப் பிள்ளையே அழுத்தட்டும். சரிவந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் காட்டிக்கொடுங்கள். சரிவராதவர்கள் எந்த இலக்கத்தில் நின்றுவிட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.