ஜாகை மாற்றும் யோசனை

ஒருவனுக்கு உத்தியோகம் ஓர் ஊரிலும் வீடு இன்னோர் ஊரிலும் இருந்தால், அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஏன் சார், ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடக் கூடாதா?" கேட்கிறவருக்கு அது அரை நிமிஷத்து யோசனை. எனக்கு அது 12 வருஷத்து யோசனை.

என் வீடு செங்கற்பட்டில். பிழைப்பு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், ஓர் அச்சகத்தில், கணக்குப் பார்ப்பது. கதை எழுதுகிறவனுக்குத் தனியாக ஒரு பிழைப்பு எதற்கு என்று வாசகர்களில் சிலர் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள், கதை எழுதிப் பிழைத்துப் பார்க்காதவர்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காலையில் 50, மாலையில் 50. ஒரு நாளைக்கு மூன்றே கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, லீவு நாட்களைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டால், வருஷத்தில் 39 நாள், இரவும் பகலும், நான் ஒரு சின்னக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கணக்கைப் போட்டவள் என் மனைவி. கணக்கு எழுதுவது என் தொழில்தான் என்றாலும், இதை நான் போட்டுப் பார்க்கவில்லை.

ரயிலில் போகக்கூடாதா என்று அடுத்த கேள்வி வரும். போனேன். செங்கற்பட்டில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குப் போய், அங்கே இன்னொரு மின்சார ரயில் பிடித்து அம்பத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். தெற்கே இருக்கிறவன் மேற்கே போவதற்கு ஊரின் நடு வயிற்றுக்குள் புகுந்து வெளியே வருகிற கதை. அந்த வழியில் இரண்டரை மணி நேரம். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் கார் வாங்கினேன்.

ஆனால் ரயிலை விட்டதில் எனக்கு ஒரு நஷ்டம் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரலோப் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். உத்தியோக விஷயமாக ஓயாமல் ரயிலில் பிரயாணம் செய்தார். மடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன எழுதுபலகை செய்துகொண்டு, ஓடுகிற ரயிலில் பென்சிலால் எழுதினார்; அதை அவர் மனைவி பிரதி எடுத்துக் கொடுத்தாள். பேர் பெற்ற அவர் நாவல்களில் ஒன்று பெரும்பகுதி அப்படி உருவானதுதான். என்னுடைய இரண்டாவது நாவலிலும் சில அத்தியாயங்கள் கூடுவாஞ்சேரிக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் எழுதியவை. காரில் இது நடக்காது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண் முன்னால் போகிற லாரியின் பின்புறத்தில்.

எழுத முடியாவிட்டாலும் பேச முடியும் என்று சில நாள் கழித்துக் கண்டுபிடித்தேன். கதையில் வருகிற மாமியாரும் மருமகளும் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை நானே இரண்டு குரலில் உரக்கப் பேசிப் பார்ப்பேன். முன் காலமாக இருந்தால் சுங்கச்சாவடியில் இருக்கிற பையன் போலீசைக் கூப்பிட்டிருப்பான். இப்போது காரில் தனியாகப் போகிறவர்கள் எல்லாரும் போனில் யாருடனாவது பேசிக்கொண்டுதான் போகிறார்கள். எனவே பைத்தியத்துக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பையனாக இருந்தபோது ஜி.எஸ்.டி. ரோடு என்றால் இரண்டு பக்கமும் புளியமரம். அப்பா சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போவார். அங்கே நரசிம்மர் குகைக்குள் இருக்கிறார். அவரைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும். போகிற வழியெல்லாம் நிழல். புளியம்பழம் பொறுக்கி டிராயர் பையில் போட்டுக்கொள்வேன். நான்கு வழிச் சாலையாக்கியபோது மரங்கள் போயின. இப்போது கொளவாய் ஏரியைத் தாண்டினால் பரனூர்ச் சுங்கச்சாவடி. அப்புறம் மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம். 2023ஆம் வருஷக் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்ததிலிருந்து தென்பக்கத்து பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. இதனால் ஊருக்குள் நெரிசல் குறைந்திருக்கலாம். அது எங்கள் பக்கத்துக்குக் குடி வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் மாலை நான் வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இங்கே வேண்டாம்.

பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறிவிட்டால் வேறு உலகம். பெருங்களத்தூரிலிருந்து புழல் வரைக்கும் 32 கிலோமீட்டர். சிக்னல் கிடையாது, குறுக்கே வருகிற மாடு கிடையாது என்பது கொள்கை. மாடுகள் அதை எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை. திருநீர்மலைக் குன்றும் கோயிலும் தெரியும், அடையாற்றைத் தாண்டுவோம், போரூர் வரும். இந்தச் சாலை திறந்த புதிதில் வண்டிகள் பறந்தன. சில வருஷத்துக்குள் பழைய நேரமே ஆயிற்று. ஏன் என்பதை அமெரிக்காவில் ஆன்டனி டவுன்ஸ் என்கிற பொருளாதார நிபுணர் 1962ஆம் வருஷமே எழுதி வைத்திருக்கிறார். புது விரைவுச் சாலை போட்டால், அதுவரை வேறு வழியில் போனவன், வேறு நேரத்தில் போனவன், ரயிலில் போனவன் எல்லாரும் அதில் வந்து சேர்கிறார்கள். நெரிசல் நேரத்தில் சாலை மறுபடியும் கொள்ளுமளவுக்கு நிரம்பிவிடுகிறது என்பது அவர் விதி. ரயிலில் போனவன் என்று அவர் சொல்வது என்னைத்தான்.

இன்னொருவர், இத்தாலியைச் சேர்ந்த செசாரே மார்க்கெட்டி. 1994இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம்: மனிதன் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரந்தான் பிரயாணத்துக்குச் செலவழிக்கிறான். நடந்து போன காலத்தில் ஊர் ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கியது. டிராமும் ரயிலும் காரும் வந்தபோது வேகத்துக்குத் தக்கபடி ஊர் வீங்கிற்று. அந்த ஒரு மணி நேரம் மட்டும் மாறவில்லை. இதை நான் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்போ மத்தவங்க ரெண்டு பேரோட நேரத்தையும் சேர்த்து நீங்களே ஓட்டறீங்க," என்றாள் அவள்.

அவள் யோசனை நியாயமானது. பெட்ரோலுக்கும் சுங்கத்துக்கும் மாசம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு அம்பத்தூரில் ஒரு வாடகை வீடே கிடைக்கும். ஜூரிச் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டட்சர், ஃப்ரே என்ற இரண்டு பேர் ஜெர்மானியக் குடும்பங்களின் விவரங்களை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவன் அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் போகிறான் என்பது பொருளாதார சாஸ்திரம். ஆனால் தூரம் கூடக் கூட மனத் திருப்தி குறைந்துகொண்டுதான் போயிருந்தது. எதுவும் அதை ஈடுகட்டவில்லை. அதைப் புதிர் என்றே அவர்கள் பேர் வைத்தார்கள். எனக்கு அதில் புதிர் ஒன்றும் தெரியவில்லை. கணக்கில் வராத ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறாள்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டினார். கிணறு வெட்டியபோது 22 அடியில் தண்ணீர் வந்ததை அம்மா நேற்று நடந்தது போலச் சொல்வாள். இப்போது அவளுக்கு 78 வயது. ஒரு கண்ணில் பார்வை மங்கல். ஆனால் இந்த வீட்டுக்குள் அவளுக்குக் கண் வேண்டியதில்லை. எந்தப் படி உயரம், எந்தக் கதவு இடிக்கும், துளசி மாடத்துக்கு எத்தனை எட்டு என்பதெல்லாம் காலுக்குத் தெரியும். வேறு வீட்டுக்குப் போனால் அன்றைக்கே அவள் குருடியாகிவிடுவாள் என்று நான் பயந்தேன். இந்த பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. வாடகை, தண்ணீர், மகளின் பள்ளிக்கூடம் என்று வேறு வேறு காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தின் போது இரண்டு இரவு நான் அச்சகத்தில் காகிதக் கட்டுகளின் மேல் படுத்திருந்தேன். முடிச்சூர்ப் பக்கம் வீடுகளே மூழ்கியிருந்தன. போன் வேலை செய்யவில்லை. மகள் அப்போது கைக்குழந்தை. மூன்றாம் நாள் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு, மீதியை நடந்து வீடு போய்ச் சேர்ந்தபோது, அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அந்த இரண்டு இரவும் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை மனைவி பிற்பாடுதான் சொன்னாள். அப்போதும் நாங்கள் ஜாகை மாற்றவில்லை. வெள்ளம் வடிந்தது, சாலை சரியாயிற்று, நானும் காரை எடுத்தேன்.

யோசனை நிஜமாக வந்தது சென்ற ஐப்பசியில். வருஷக் கணக்கு முடிக்கிற நெருக்கடியில் ஒரு வாரம் இராத்திரி ஒன்பது மணிக்குமேல்தான் கிளம்பினேன். வெள்ளிக்கிழமை நல்ல மழை. சுங்கச்சாவடியைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் வண்டலூர் உயிரியல் பூங்காவின் மதில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் போரூரும் ஆற்றுப் பாலமும் பெருங்களத்தூர் இறக்கமும் வந்திருக்க வேண்டும். ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. தூங்கினேன் என்று சொல்ல முடியாது; தூங்கியிருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன். கண் விழித்திருந்தது, கை ஓட்டிக்கொண்டிருந்தது, நான் மட்டும் அங்கே இல்லை. நேரான சாலையில் வெகுநேரம் ஓட்டுகிறவர்களுக்கு இது நேர்வதுண்டு என்று டாக்டர் சொன்னார். ஓரமாக நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லாரிகள் போகிற காற்றில் கார் ஒவ்வொரு தடவையும் ஆடியது.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். மனைவி சாதம் போடுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா கூடத்தில் படுத்திருந்தாள்; தூங்குகிறாள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, அந்த ஊர்லே வீடு பாக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, பாத்தியா?"

"பாக்கலேம்மா. உனக்கு அங்கே தோதுப்படாது."

"எனக்குத் தோதுப்படறதை நான் பாத்துக்கறேன். உங்கப்பா போனப்புறம் இந்த வீட்லே ராத்திரி ராத்திரி கார் சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருக்கேன். பன்னெண்டு வருஷமாச்சு. அது மட்டும் தோதாவா இருக்குது?"

அந்த 39 நாளும் காருக்குள் மட்டும் கழிந்தவை என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டிருந்தோம்.

அதற்குப்பின் விஷயம் வேகமாக நடந்தது. அம்பத்தூரில் ஒரு தரகர் ஏழு வீடு காட்டினார். முதல் ஆறைப் பற்றிச் சொல்வதற்கில்லை. ஒன்றில் சமையலறைக்குள் இரண்டு பேர் நிற்க முடியாது, இன்னொன்றில் வீட்டுக்காரர் எழுத்தாளர் என்றதும் அட்வான்ஸ் தொகையை இரண்டு மாசம் உயர்த்தினார். ஏழாவது தரைத்தளம், படி இல்லை, பின்னால் ஒரு கிணறு, மூடி போட்டு மோட்டார் வைத்தது. அச்சகத்துக்கு இருபது நிமிஷ நடை. வாடகை ஒப்பந்தம் எல்லாரும் போடுகிறபடி 11 மாசத்துக்கு. அம்மாவுக்கு அந்த 11 என்ற எண் பிடித்துப் போயிற்று. "வருஷங்கூட இல்லே, பாத்துட்டு வந்துடலாம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது.

மகளுக்குப் பங்குனிக் கடைசியில் பரீட்சை முடிகிறது. சித்திரை பிறந்ததும் போகிறோம். செங்கற்பட்டு வீட்டை வாடகைக்கு விடுவதில்லை என்று முடிவாயிற்று. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்து, துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் காரில் அழைத்து வந்து வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. ஆகையால் காரை விற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் புது வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். வாசலிலிருந்து கிணற்றுக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்தாள். பத்தொன்பது.