விளக்கும் சாம்பலும்

பல்லாவரத்துக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டிய ஊர் பொழிச்சலூர். அந்தி சாய்ந்ததும் இங்கே ஜெபமாலைக்காக வீடுகளில் விளக்கேற்றுகிறோம். மின்தொடர் வழியே வரும் அவ்வொளியில், நகரின் வடகோடியில் அத்திப்பட்டில் எரியும் நிலக்கரிக்கும் பங்குண்டு. அங்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகிறது.

எரிந்த கரியின் சாம்பல் புகையோடு எழுகிறது. துகள்களுக்கு மின்னேற்றி உலோகத் தகடுகளில் ஒட்டச்செய்யும் கருவி, பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது. தப்புவனவற்றில் தலைமயிரின் முப்பதில் ஒரு பங்கே பருமனுள்ள நுண்துகள்களும் உண்டு; அவையே நுரையீரலின் ஆழம்வரை செல்வன. 2015 டிசம்பரில் மத்திய அரசு, ஒரு கனமீட்டர் புகைக்கு, 2003 வரை நிறுவிய அலகுகளுக்கு 100 மில்லிகிராம், 2016 வரையிலானவற்றுக்கு 50, பிந்தியவற்றுக்கு 30 என வரம்பு வகுத்தது. அலகுக்கு வயதுண்டு; அதன் புகையைச் சுவாசிக்கும் குழந்தைக்கோ ஒரே நுரையீரல்தான்.

பிடித்த சாம்பலும் கவலைக்குரியதே. நீரில் கரைத்துச் செப்பாக்கத்துக் குட்டையில் சேர்த்தது, கோடையில் உலர்ந்து காற்றில் பறக்கிறது. சிமெண்டாகவும் செங்கல்லாகவும் மாறினால் அதுவே வீடு கட்ட உதவும்.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகியது பிழையெனில், காணாத் தொலைவில் இருமும் அயலானை மறப்பதும் பிழையன்றோ? வேண்டாத விளக்கை அணைப்போம்; வரம்பு காக்கப்படுகிறதா என்று சேர்ந்து கேட்போம்.