இடது கார்னர்

2022 அக்டோபர் 8, பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கம். தமிழ் தலைவாஸுக்கு அந்த சீசனின் முதல் ஆட்டம், எதிரில் குஜராத் ஜெயன்ட்ஸ். முதல் பாதிகூட முடியவில்லை, பவன் செராவத் ஒரு பிடிக்குப் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டில் கிடந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அதற்கப்புறம் அவர் ஆடவேயில்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த முழங்காலின் விலை 2.26 கோடி. அந்த வருடம் ஏலத்தில் ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை 4.4 கோடி. பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டு, மீதி 2.14 கோடியில் குறைந்தது பதினேழு பேரைக் கட்டவேண்டும். தலைக்குப் பன்னிரண்டரை லட்சம் சொச்சம். நான் வேலை பார்க்கும் துறையில் இதை லேட்டரல் ஹையர் என்போம். வெளியே இருந்து ஒருவரை வானளவு சம்பளத்தில் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். அடுத்த நாளிலிருந்து டீமில் இருக்கிற மற்ற எல்லோரும் ஃப்ரெஷர்கள்.

அந்த ஃப்ரெஷர்கள்தான் அந்த வருடம் அணியை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார்கள்.

தலைவாஸின் முந்தைய வரலாற்றை அறியாதவர்களுக்கு இதன் அருமை புரியாது. 2017ல் ஐந்தாவது சீசனில் நுழைந்தார்கள். சச்சின் உரிமையாளர்களில் ஒருவர், கமல் தூதர், அஜய் தாகூர் கேப்டன். பிரிவில் கடைசி. அடுத்த வருடமும் பிரிவில் கடைசி. 2019ல் ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர், அஜய் தாகூர் என்று மூன்று பெரிய பெயர்களை ஒன்றாக இறக்கினார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். எட்டாவது சீசனில் பதினொன்று. அப்போது என்னுடைய எக்செல் ஷீட்டில் தலைவாஸ் டேபுக்கு நான் வைத்திருந்த பெயர் 'அனுபவசாலிகள்'.

பவன் விழுந்த பிறகு வேறு வழியில்லை. புதிய இளம் வீரர் என்கிற திட்டத்தில், ஏலத்துக்கு வெளியே குறைந்த சம்பளத்தில் வந்த நரேந்தர் என்கிற பையன் முதன்மை ரைடர் ஆனான். முதல் சீசனிலேயே இருநூறுக்கும் மேல் ரெய்டு புள்ளிகள். கேப்டன் பொறுப்பு வலது கார்னர் சாகருக்கு வந்தது. இடது கார்னரில் சாஹில் குலியா. கவரில் மோஹித், எம். அபிஷேக். துணைக்குப் பாட அஜிங்க்ய பவார். சீசன் தொடங்கிய பிறகு பயிற்சியாளராக ஆஷன் குமார் வந்தார். புள்ளிப்பட்டியலில் ஐந்தாவது இடம், எலிமினேட்டரில் யு.பி. யோத்தாஸுடன் 36-36, டைபிரேக்கரில் வெற்றி. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39. வெறும் இரண்டு புள்ளி.

என் கருத்து இதுதான், பலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்: பவன் காயம்படாமல் இருந்திருந்தால் தலைவாஸ் அந்த அரையிறுதிக்குப் போயிருக்காது. பவன் மோசமான ஆட்டக்காரர் என்பதல்ல. அவர் நின்றிருந்தால் ரெய்டுகளில் பெரும்பங்கு அவருக்குப் போயிருக்கும். நரேந்தர் மூன்றாவது ரைடராக, இரண்டு வெற்று ரெய்டு போன பிறகு வரும் டூ ஆர் டைக்கு மட்டும் அனுப்பப்படும் பலியாடாக இருந்திருப்பான். முப்பது நொடியில் ஒரு புள்ளி எடு, இல்லையென்றால் வெளியே போ. பத்தொன்பது இருபது வயதுப் பையனின் தன்னம்பிக்கையைக் காலி செய்ய இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கூடைப்பந்து பார்க்கும் நண்பர்கள் 'ரீபில்டு' என்ற சொல்லை சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2019ல் பால் ஜார்ஜைக் கொடுத்துவிட்டு, ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்ற இளைஞனையும் ஒரு மூட்டை எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கிக்கொண்டது. 2020-21ல் 72 ஆட்டத்தில் 22தான் ஜெயித்தார்கள். 2025ல் சாம்பியன். நடுவில் அடி வாங்கிய வருடங்களை யாரும் அவமானமாக நினைக்கவில்லை, ஏனென்றால் அங்கே தோற்பதற்கு ஒரு கூலி உண்டு: மோசமாக ஆடிய அணிகளுக்கு டிராஃப்டில் முன்வரிசை வாய்ப்பு. புரோ கபடியில் அது இல்லை. கடைசியில் வந்தவனுக்கும் முதலில் வந்தவனுக்கும் ஏலத்தில் ஒரே பர்ஸ். தோற்றால் தோற்றதுதான். ஆகவே இங்கே ஒரு அணியைக் கட்ட ஒரே வழி, மலிவாகப் பிடித்த பையன்களை விடாமல் வைத்திருப்பது.

புனேரி பல்டன் அதைத்தான் செய்தது. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், ஆகாஷ் ஷிண்டே என்று இளம் ரைடர்களை வருடாவருடம் தக்கவைத்தார்கள். ஒன்பதாவது சீசனில் இறுதி வரை வந்து தோற்றார்கள். தோற்றதும் கூடாரத்தைக் கலைக்கவில்லை. அதே பையன்களின் மேல் ஒரே ஒரு பெரிய செலவு, ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயி, 2.35 கோடி. 2024 மார்ச் 1ம் தேதி கோப்பை. அவர்களும் பாதிப் பர்ஸைத்தான் ஒருவருக்குக் கொடுத்தார்கள். ஆனால் வீடு கட்டி முடித்த பிறகு கொடுத்தார்கள். தலைவாஸ் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே தேக்குக் கதவு வாங்கிவிடுகிறது.

இன்னொன்றும் வலிக்கும். அந்தப் புனே அணியின் கவரில் நின்று கோப்பை வாங்கியவர்களில் ஒருவர் அபினேஷ் நடராஜன், தமிழ்நாட்டுக்காரர்.

தலைவாஸ் பாடம் படித்ததா? அடுத்த வருடம் ஒன்பதாவது இடம். 2024ல் சச்சினுக்கு 2.15 கோடி, ஐந்து கோடிப் பர்ஸில். மறுபடி ஒன்பது. 2025ல் அர்ஜுன் தேஸ்வாலுக்கு 1.405 கோடி, கூடவே பவன் செராவத்தை 59.5 லட்சத்துக்குத் திரும்ப அழைத்துக் கேப்டன் ஆக்கினார்கள். சீசன் சூடு பிடிக்கும் முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியதாக அணி அறிவித்தது, அவர் மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. முதல் எட்டுக்குள் வரவில்லை என்பது மட்டும் போதும்.

இவ்வளவு கணக்கும் எனக்குப் பொழுதுபோக்காக மட்டும்தான் இருந்தது, போன மாசி வரைக்கும். காரமடைத் தேருக்கு வந்திருந்த மச்சான் (அக்கா வீட்டுக்காரர், கறிவேப்பிலை வெள்ளாமை) சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "மாப்ள, நீதான் கபடிக்காரங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல மார்க் போட்டு வெச்சிருக்கறயாமா. நம்ம பையனுக்கும் ஒரு மார்க்கப் போட்டுச் சொல்லீரு. காலேஜுக்கா, இல்ல ஹாஸ்டலுக்கா?"

பையனுக்குப் பதினேழு. பிளஸ் டூ முடிக்கிறான். ஊர் டீமில் இடது கார்னர். பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ராத்திரி முழுக்கக் கபடி நடக்கும். எடைப்பிரிவு போட்ட ஃபிளெக்ஸ், குழல் விளக்கு, மைக்கில் விடாமல் ஒரு வர்ணனை. அங்கேயும் குட்டி ஏலம் உண்டு. பரிசுத்தொகை பெரிதாக இருந்தால் ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வெளியூரிலிருந்து ஒரு ரைடரை இறக்குவார்கள். உள்ளூர்ப் பையன் அன்றைக்கு பெஞ்சில். தஞ்சாவூர், திருவாரூர், தூத்துக்குடிப் பக்கமிருந்து தேசிய அளவுக்கு ஆட்கள் வருவதையும் எங்கள் பக்கமிருந்து அரிதாக வருவதையும் இந்த ஒரே காரணத்தால் விளக்க முடியாதுதான். ஆனாலும் எனக்கு இது மனதில் உறுத்துகிறது.

இரண்டு ஞாயிறு போய் அவன் ஆடுவதைப் பார்த்தேன். மாமன் என்கிற சலுகையைக் கழித்துவிட்டு எழுதினால்: கால் பிடி நன்றாக இருக்கிறது. ரைடர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போது இவன் கை முன்கூட்டியே கீழே போய்விடுகிறது. அதை அனுபவமுள்ள ரைடர் ஒருவன் இரண்டு ரெய்டில் கண்டுபிடித்துவிடுவான். எடை போதாது. வலது முழங்காலில் பழைய வீக்கம் ஒன்று, கட்டுப்போட்டுக்கொண்டு ஆடுகிறான். மண்ணிலேயே வளர்ந்தவன், மேட்டில் ஷூவோடு ஆடியது மொத்தம் நாலு முறை. மண் வழுக்கிக்கொடுக்கும், மேட் கொடுக்காது. பாதம் அங்கேயே நின்றுவிட, முழங்கால் மட்டும் திரும்பும்.

நல்ல விஷயம் ஒன்று. பிடித்த பிறகு அவன் தனியாகத் தொங்குவதில்லை. கவர் வந்து சேரும்வரை ரைடரை நடுக்கோட்டிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறான். இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை என்று அவன் கோச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கார்னர் என்பது ரைடரைப் போல ஒரு சீசனில் வெடிக்கிற இடமல்ல. பக்கத்தில் நிற்கும் கவரோடு இரண்டு மூன்று வருடம் கைகோத்து ஆடினால்தான் செயின் விழும். நித்தேஷ் குமார் ஒரே சீசனில் நூறு டேக்கிள் புள்ளி எடுத்ததெல்லாம் விதிவிலக்கு. ஆகவே பதினேழு வயது கார்னருக்கு இன்றைக்கு மார்க் போடுவதே தப்பான கேள்வி. அவனுக்கு மூன்று வருடம் யார் சோறு போடுவார்கள் என்பதுதான் கேள்வி.

புரோ கபடியில் ஏலத்தின் கடைசிப் பிரிவுக்கு அடிப்படை விலை ஒன்பது லட்சம். கேட்க நன்றாக இருக்கும். பன்னிரண்டு அணி, அணிக்கு அதிகபட்சம் இருபத்தைந்து பேர், முந்நூறு நாற்காலி. நாடு முழுக்கக் காலைப் பிடித்துக்கொண்டு எத்தனை பையன்கள்! நிஜமான வாசல் வேறு: ரயில்வே, போலீஸ், மாநில அரசு வேலையில் விளையாட்டுக்கான 3 சதவீத ஒதுக்கீடு. கபடி ஆடுகிற வீடுகளில் கோப்பையைவிட இதைப் பற்றித்தான் பேசுவார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு அரசு 25 லட்சம் கொடுத்தபோது அக்கா போனில் கேட்டது, "வேலையும் குடுப்பாங்களாடா?"

அக்காவுக்குக் கவுன்சலிங்கில் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் சீட் போதும். "நீ படிச்சே, நல்லாத்தான இருக்கற" என்கிறது. நான் நன்றாக இருக்கிறேனா என்பதை அக்காவிடம் விவாதிக்க முடியாது. எங்கள் ஆபீஸில் இப்போது ஃப்ரெஷர்களை எடுப்பதே குறைந்துவிட்டது என்பதை மட்டும் சொன்னேன். மச்சான் அதை வெகுநேரம் யோசித்தார்.

கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான். முதலில் முழங்காலுக்கு ஸ்கேன் எடுங்க. தசைநார் கிழிந்திருந்தால் இந்த வருடம் ஆட்டம் வேண்டாம், எந்த ஊர் நோம்பியாக இருந்தாலும். முழங்கால் சரியென்றால், மேட் இருக்கிற, கபடி அணி நிஜமாகவே பயிற்சி எடுக்கிற ஒரு கலைக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.காம். சேருங்க. இன்ஜினியரிங் லேபும் காலைப் பயிற்சியும் சேர்ந்து ஓடாது, நான் அந்த நாலு வருடத்தைப் பார்த்தவன். மூன்று வருடத்தில் பல்கலைக்கழக அணிக்குள் வரவில்லை என்றால் டிகிரி கையில் இருக்கும்.

"அப்ப மார்க்கு எத்தனைன்னு சொல்லவே இல்லையே மாப்ள" என்றார் மச்சான்.

"இன்னும் போடலீங்க."

பையன் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வெளியே வந்து என் போனை வாங்கி, சாஹில் குலியாவின் டேக்கிள்களைத் தேடி எடுத்து, ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினான். "மாமா, இவரு கை எப்பக் கீழ போவுதுன்னு பாருங்க. எனக்கு முன்னாடியே போயிருது, இல்லீங்களா?"

மேட்டுப்பாளையத்தில் ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும் என்று மச்சான் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.