கணக்கு முடிந்த பிறகு

வேலை தேடி அலைவதைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. வேலையை உதறிவிட்டு வெளியேறும் கணமும் சிறுகதைகளுக்கு உகந்த முடிவாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் அதற்கடுத்த மாதம் என்ன நடக்கிறது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. விலகல் கடிதம் ஏற்கப்பட்டு, சால்வை போர்த்தி வழியனுப்பிய பிறகும் பழைய முதலாளியின் அழைப்பு வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? நன்றி எந்த இடத்தில் முடிந்து, சம்பளமில்லாத வேலை எந்த இடத்தில் தொடங்குகிறது? 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இக்கேள்வி எங்கள் மூவர் முன்னும் ஒருசேர வந்து நின்றது. அந்த அனுபவத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துச் சொல்ல இயலாததால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

பதிப்பகங்களுக்காகப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்து, மெய்ப்புத் திருத்தி, அச்சேறும் வரை பொறுப்பேற்றுக்கொள்ளும் சிறு நிறுவனம் ஒன்றில், சென்னையில், நாங்கள் பணியாற்றினோம். மொத்தம் பதினான்கு பேர். எங்களுள் ஒருவருக்குப் பக்க வடிவமைப்பு, தோழிக்கு மெய்ப்பு, மற்றவருக்கு அச்சகங்களோடும் காகிதக் கடைகளோடும் மல்லுக்கட்டும் வேலை. முறையே 11, 9, 7 ஆண்டுகள். உரிமையாளரை எல்லோரும் 'அண்ணாச்சி' என்றே அழைப்போம். அவருக்கு நாங்கள் தம்பிகள், தோழி தங்கச்சி. இவை வெறும் வாய்வார்த்தைகள் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்களுள் ஒருவருடைய வீடு மூழ்கியபோது, அக்குடும்பம் முழுவதும் பதினொரு நாட்கள் அண்ணாச்சியின் வீட்டு மாடியில்தான் இருந்தது. அவர் கொடுத்த முன்பணம் பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்பட்டுத் தீர்ந்தது. அந்தப் பதினொரு நாட்களை எதில் கழிப்பது என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை.

சிறிய அளவில் சொந்தமாகத் தொழில் தொடங்குவது என்று முடிவு செய்து, இரண்டு மாத அவகாசம் கொடுத்து விலகினோம். எந்த நூலின் கோப்பு எந்த வட்டில் இருக்கிறது, எதற்கு எந்த எழுத்துரு, எந்த அச்சகத்தில் யாரிடம் பேச வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஒப்படைத்தோம். கடவுச்சொற்களும் அதில் இருந்தன. பெற்றுக்கொண்டதாக அண்ணாச்சி கையொப்பமும் இட்டார்.

முதல் வாரத்து அழைப்புகள் நியாயமானவை. பேஜ்மேக்கர் காலத்துக் கோப்புகள் புதிய கணினியில் திறக்க மறுக்கும். திறந்தாலும் பழைய குறியேற்றத்து எழுத்துரு இல்லையென்றால் தமிழ் இருந்த இடத்தில் குப்பைதான் தெரியும். "ஃபைல் தொறக்க மாட்டேங்குதே தம்பி" என்று அவர் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். சொன்னோம். அடுத்து, "ரெண்டே பாரம்தான் தங்கச்சி, ஒரு பார்வை பாத்துக் குடுத்துரு" என்று வந்தது. இரண்டு பாரம் என்றால் 32 பக்கம். அதன்பின் ஒரு முழு நாவலின் இறுதி மெய்ப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. காகித வியாபாரி ஒருவர், பழைய பழக்கத்தில், எங்களுள் ஒருவருடைய வாய்ச்சொல்லை நம்பி அண்ணாச்சிக்கு மேலும் கடன் கொடுக்கத் தயாராக இருந்தார். ஜனவரிப் புத்தகக் கண்காட்சி நெருங்க நெருங்க அழைப்புகள் பெருகின. சம்பளம் நின்றுவிட்டது, வேலை மட்டும் நிற்கவில்லை.

வேலை நேரத்துக்குப் பிறகு முதலாளியின் அழைப்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை உலகில் இன்று சட்டமாகிக்கொண்டிருக்கிறது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் இதுபற்றித் தம் ஊழியர்களோடு பேச்சு நடத்தியாக வேண்டும். போர்ச்சுகல் 2021இல், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருப்பதை முதலாளியின் கடமையாகவே ஆக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. இவை யாவும் வேலையில் இருப்பவரைப் பற்றியவை. வேலையை விட்டவருக்கு இப்படியொரு சட்டம் தேவைப்படும் என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அவர் அழைப்பை எடுக்கவேண்டிய கட்டாயமே இல்லையே என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். ஆனால் அழைப்பவர் 'அண்ணாச்சி'யாக இருக்கும்போது அந்தக் கட்டாயம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. வேலையிலிருந்து விலகக் கடிதம் கொடுக்கலாம். தம்பி என்ற இடத்திலிருந்து விலக எவரிடம் கடிதம் கொடுப்பது?

செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லை அந்நாட்களில் நாங்கள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டோம். கம்பனில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே போர்க்களம் சென்று மடிகிறான் கும்பகருணன். வீடணனோ விலகிச் சென்று, இலங்கையின் காவலும் படைபலமும் இன்னின்ன என்று இராமனிடம் எடுத்துச் சொல்கிறான். முதலாமவனைக் கண்ணீரோடு போற்றுகிறோம். இரண்டாமவனை அறத்தின் பெயரால் ஏற்றுக்கொண்டாலும், மனத்தின் ஒரு மூலையில் நெருடல் இருந்துகொண்டே இருக்கிறது. விலகியபின் திரும்பிப் போய்ப் போரிடாமலும், கோட்டையின் இரகசியத்தை எவருக்கும் சொல்லாமலும், தன் பாட்டுக்கு ஓர் ஊரில் குடியிருக்கும் மூன்றாவது தம்பி அந்தக் கதையில் இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அவன்தான்.

கடன் என்ற சொல்லிலேயே ஒரு வழி இருப்பதாகப் பின்னர் தோன்றியது. திருப்பிக் கொடுத்துத் தீர்ப்பதற்கு வாய்ப்பிருப்பதால்தான் அது கடன். எவ்வளவு கொடுத்தாலும் தீராது என்றால் அதற்கு வேறு பெயர் உண்டு. 1976இல் இந்நாடு கொத்தடிமை முறையைச் சட்டமியற்றி ஒழித்தபோது, அதற்கு அடிப்படையாக இருந்த கடன்களையும் சேர்த்தே இல்லாமலாக்கியது. அண்ணாச்சியை அந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது அநியாயம்; ஒப்பிடவும் இல்லை. கடனுக்கு ஓர் எல்லை இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

ஒரு மாலை மூவரும் உட்கார்ந்து, வந்த அழைப்புகளை வகை பிரித்தோம். நாங்கள் இருந்த காலத்தில் செய்த வேலை பற்றிய ஐயங்கள் முதல் வகை. இவற்றுக்கு ஜனவரி இறுதிவரை, சனிக்கிழமைதோறும், மின்னஞ்சலில் பதில் சொல்வது. புதிய வேலைகள் இரண்டாம் வகை. இவற்றை மற்ற வாடிக்கையாளர்களைப் போல எழுத்துமூலம் கேட்டால், பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் செய்வது. எங்கள் பெயரை நம்பி நடக்கும் கொடுக்கல் வாங்கல் மூன்றாம் வகை. இதில் இனித் தலையிடுவதில்லை. காகித வியாபாரிகளிடமும் அதைச் சொல்லிவிடுவது. இவற்றையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதினோம். தோழி அதன் அடியில் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொன்னார்: வீட்டில் நோய், இழப்பு என்றால் எந்நேரமும் அழைக்கலாம், ஓடி வருவோம். அந்த வரி இல்லாமல் கையெழுத்திட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பத்து நாட்கள் பேச்சே இல்லை. பிறகு மூன்றாமவர்கள் வழியாகச் செய்தி வந்தது: எங்கள் நியமனக் கடிதத்தில், விலகியபின் இரண்டாண்டு இதே தொழிலைச் செய்யலாகாது என்று ஒரு வரி இருக்கிறதாம். இருந்ததுதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவில், ஒருவர் தம் நேர்மையான தொழிலைச் செய்யவொட்டாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. பணியில் இருக்கும்போது போடும் தடையை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன; பணி முடிந்தபின் நீளும் தடையைப் பொதுவாக ஏற்பதில்லை. அதே வேளை, தொழில் இரகசியங்களைக் காக்கும் பொறுப்பு விலகியவருக்கும் உண்டு. இந்த இரண்டாவது பாதி விரைவிலேயே எங்களைச் சோதித்தது. பதிப்பாளர் ஒருவர், பெரிய வேலை ஒன்றைத் தருவதாகச் சொல்லி, அண்ணாச்சிக்குக் காகிதம் என்ன விலையில் கிடைக்கிறது, பக்கத்துக்கு என்ன நிற்கிறது என்று கேட்டார். எங்களுக்கு எண்கள் மனப்பாடமாகத் தெரியும். சொல்வதற்கில்லை என்றோம். அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. அண்ணாச்சி தாண்டக்கூடாது என்று நாங்கள் போட்ட கோட்டை நாங்களும் தாண்டக்கூடாதல்லவா?

பணிக்கொடைதான் மிகக் கடினமான பகுதி. அன்று நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஓராண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் அத்தொகை உரியது. மாத ஊதியத்தை 26 நாட்களுக்கானதாகக் கொள்வார்கள். ரூ. 26,000 வாங்கியவருக்கு ஆண்டுக்கு ரூ. 15,000, பதினோராண்டுக்கு ரூ. 1,65,000. உரிய நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமாக விலகினார் என்பதற்காக இதை மறுக்க முடியாது. ஆனால் இச்சொல்லில் 'கொடை' என்று இருக்கிறதே! ஆங்கிலச் சொல்லான கிராஜுவிட்டியிலும் அன்பளிப்பின் சாயல்தான். அண்ணாச்சி அதைத் தாம் மனமுவந்து தருவதாகவே கருதியிருந்தார். மனம் உவக்கவில்லை என்பதால் தரவில்லை. உரிய படிவத்தில் மூவரும் விண்ணப்பம் அனுப்பினோம். அன்றிரவே அழைத்தார். "நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? கடுதாசி போட்டுத்தான் கேக்கணுமா?" குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் மிகுந்திருந்தது. ஏழாவது வாரத்தில் பணம் முழுவதும் வந்தது.

அதன்பின் அழைப்புகள் அடியோடு நின்றன. நின்றபோது எங்களுக்கு நிம்மதி மட்டுமே வந்தது என்று சொன்னால் அது பொய். கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 33 ஆண்டுகள் எழுத்தராக இருந்த சார்லஸ் லாம், 1825இல் ஓய்வுபெற்றபின் எழுதிய கட்டுரையொன்றில், பழைய அலுவலகத்துக்குச் சென்று பார்த்ததைச் சொல்கிறார். அவருடைய மேசையும் தொப்பி மாட்டிய முளையும் வேறொருவருக்குப் போயிருந்தன. அப்படித்தான் ஆகும் என்று தெரிந்திருந்தும் அது அவருக்கு உவப்பாக இல்லை. கதவைச் சாத்தியவர்கள் நாங்களேயானாலும், உள்ளே எங்கள் நாற்காலியில் யார் என்று எண்ணிப் பார்த்த மாலைகள் எங்களுக்கும் உண்டு.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் சென்னை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, விடியற்காலையில் தோழியின் செல்பேசி ஒலித்தது. அண்ணாச்சிதான். அவர் துணைவியாருக்குப் பிராணவாயு வசதியுள்ள படுக்கை எங்கும் கிடைக்கவில்லை. கடிதத்தின் கடைசி வரியை அவர் மறக்கவில்லை. மூவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தொலைபேசியில் அலைந்து, பிற்பகலில் ஓரிடத்தைப் பிடித்தோம். அந்த அம்மையார் பிழைத்து வீடு திரும்பினார். இரண்டரை ஆண்டு ஒதுங்கியிருந்ததில் இற்றுப்போயிருக்க வேண்டிய ஏதோ ஒன்று இற்றுப்போகாமல் இருந்தது என்பதை அன்று கண்டோம். அழைப்பு ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருந்தால், அந்த விடியலில் ஓடுவதற்கு எங்களிடம் மனம் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

அவ்வாண்டு இறுதியில் அவரிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது: 18 பாரம், அவசர மெய்ப்பு, பக்கத்துக்கு என்ன கேட்பீர்கள்? தோழி தொகையைச் சொன்னார். அண்ணாச்சி இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னார். ஒரு ரூபாய் குறைத்தார் தோழி.