தேடிக்கொண்டிருக்கும் கருவி



சபை வேனில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியை மாற்றிவிடலாமே என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வண்டியை எடுத்துப் பத்து நிமிடமாகியும் 'செயற்கைக்கோள்களைத் தேடுகிறது' என்ற வாசகமே திரையில் நிற்கிறது, கைப்பேசியோ சில நொடிகளில் இடத்தைக் காட்டிவிடுகிறது என்பது உங்கள் குறை. வானத்தைப் பற்றியும் காத்திருத்தலைப் பற்றியும் ஒரு போதகர் எழுதத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அங்கே போகப்போவதில்லை. கருவியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். அது தாமதித்த ஒரு மாலையில் நாம் இழந்தது சிறிய காரியமன்று.

முதலாவது, அந்தப் பெட்டி எதற்காகக் காத்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. அவை அனுப்பும் அலை நம்மிடம் வந்து சேரும்போது, கருவிக்குள் இயல்பாகவே எழும் மின்னிரைச்சலைவிடவும் மெலிந்துபோயிருக்கும். சந்தைக் கூச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைப் பிரித்துக் கேட்பதுபோன்ற வேலை அது. அந்த முணுமுணுப்பும் மிக நிதானமானது. நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் செய்தி வருகிறது. இன்றைய கைப்பேசியில் ஒரு சிறு புகைப்படம் வந்திறங்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நத்தையின் நடை.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இப்போது எங்கே இருக்கிறது என்ற துல்லியமான விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதை இடையறாமல் கேட்டு முடித்தால்தான் கருவிக்குப் பயன். நடுவில் ஒரு மரக்கிளையோ பாலமோ குறுக்கிட்டு ஒரு பகுதி விட்டுப்போனால், அந்தப் பகுதி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து கேட்டாக வேண்டும். மூன்று போதாதா என்று கேட்பீர்கள். கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்துவதற்கு நான்காவது தேவைப்படுகிறது.

கேட்ட விவரத்தைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அது சுமார் நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதனால்தான் காலையில் ஓடிய வண்டியில் மதியம் உடனே இடம் தெரிகிறது. ஒரு வாரம் நின்ற வண்டியில் தாமதமாகிறது. மாதக்கணக்கில் அணைந்து கிடந்து, பழைய இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோகப்பட்ட கருவியின் பாடு இன்னும் கடினம். எந்தச் செயற்கைக்கோள் எந்தத் திசையில் இருக்கும் என்ற அதன் பழைய கணக்கே தவறாகிவிடுகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொது அட்டவணை முழுவதும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். கைப்பேசி இந்த விவரங்களையெல்லாம் மொபைல் கோபுரத்தின் வழியாக நொடியில் வாங்கிக்கொள்கிறது. அது கெட்டிக்காரத்தனமன்று, அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக்கொள்ளும் வசதி. கோபுரம் இல்லாத மலையில் அந்த வசதியும் இல்லை.

கொல்லிமலையில் நடந்தது அதுதான். அங்கே ஒரு சிற்றூரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த மூதாட்டியின் அடக்க ஆராதனைக்கு நாம் பன்னிரண்டு பேர் புறப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கருவி ஒரு சகோதரர் அன்பளிப்பாகத் தந்தது. அவர் அதைக் கடைசியாகப் பயன்படுத்தியது சென்னையில். பின்பு பல மாதம் மேசை இழுப்பறையில் கிடந்து, 300 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு நம்மிடம் வந்தது. காரவள்ளியில் ஒரு புளியமரத்தின் நிழலில்தான் அதை முதன்முதலாக இயக்கினார்கள். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டி மலையேறத் தொடங்கியது. அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வானத்தின் ஒரு பாதியை மலை மறைக்கும். அடுத்த வளைவில் மறுபாதியை மறைக்கும். பொறுமையிழந்த தம்பி ஒருவர் கருவியை அணைத்து அணைத்து இயக்கினார். ஒவ்வொரு முறையும் பாதி கேட்ட செய்தி வீணாகி, தேடல் முதலிலிருந்து தொடங்கியது. மேலே போனபின் இரண்டு கிளைச் சாலைகளில் தவறான வழியில் சென்று, தேநீர்க் கடைகளில் விசாரித்து, ஊரை அடைந்தபோது கல்லறைக்குழியை மூடிவிட்டிருந்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அவர்களால் காத்திருக்க முடியவில்லை. எங்களோடு வந்த பேத்தி ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

அந்தத் தம்பியைக் குறைகூற எனக்கு மனமில்லை. 'தேடுகிறது' என்று மட்டும் சொல்லும் திரை, எதைத் தேடுகிறது, அசையாமல் நிற்பது ஏன் நல்லது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் பொறுத்திருப்பார். இத்தகைய கருவிகளைச் செய்கிறவர்கள் மனிதனின் அவசரத்தை அறிந்திருந்தும் அவனுக்கு ஒன்றும் விளக்குவதில்லை என்பது என் வருத்தம்.

கருவி கெட்டுவிட்டது என்று தீர்மானிப்பதற்கு முன்னே பார்க்க வேண்டியவை சில உண்டு. முன்கண்ணாடியில் வெயிலுக்காக உலோகப் பூச்சுள்ள படலம் ஒட்டியிருந்தால் அலை உள்ளே வராது. நம் வேனில் அது இல்லை. ஆனால் கருவிக்குப் பக்கத்திலேயே டேஷ்போர்டு கேமராவும் மலிவான சார்ஜரும் செருகியிருக்கிறோம். இவை எழுப்பும் மின்னிரைச்சல் அந்த மெல்லிய அலையை விழுங்கிவிடக்கூடும். இரண்டையும் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். திரையில் தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். செயற்கைக்கோள்கள் வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. அதற்கேற்பப் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் ஏறக்குறைய இருபது ஆண்டு முந்தைய தேதியைக் காட்டுவதுண்டு. அப்படியிருந்தால் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால் கருவி ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதை மாற்ற ஆகும் செலவு புதுக் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இவையெல்லாம் சரியாயிருந்தும் பதினைந்து நிமிடம் திறந்த வெளியில் நின்று அது இடத்தைக் காட்டாவிட்டால், மாற்றிவிடலாம் என்று நானே கமிட்டியில் சொல்லுவேன்.

வருகிற சனிக்கிழமை அதே ஊருக்கு மீண்டும் போகிறோம். வேனை ஆலயப் போர்ட்டிகோவின் கீழே நிறுத்த வேண்டாம். விளையாட்டுத் திடலின் நடுவில், வேப்பமரங்களை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். புறப்படுவது காலை ஆறு மணிக்கு. ஓட்டுகிற சகோதரர் 5.30-க்கே வந்து கருவியை இயக்கிவிட்டு, அதன்மேல் கைவைக்காமல் காபி குடிக்கட்டும்.