ஒட்டாமல் பிரியும் அச்சு



குடிகாட்டில், உப்பனாற்றின் அருகே வாழும் நமக்கு ஃபைபர் படகு புதியதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கிய பின்பு, கட்டுமரங்கள் கிடந்த மணலில் ஃபைபர் படகுகள் பெருகின. ஆனால் அந்தப் படகு எவ்வாறு உருவாகிறது என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

முதலில் மரத்தாலும் பட்டியாலும் படகின் முழு வடிவத்தைச் செய்கிறார்கள். தொழிலில் அதைப் பிளக் என்பார்கள். அதன்மேல் கண்ணாடி இழையையும் ரெசினையும் அடுக்கி அச்சை எடுக்கிறார்கள். பின்பு அந்த அச்சுக்குள் படகுகளை ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். படகு கட்டுவோர் மிகவும் அஞ்சுவது, பிளக்கும் அச்சும் ஒட்டிக்கொள்வதற்கே. ஒட்டிவிட்டால் ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை உடைக்க நேரிடும். சில வேளைகளில் இரண்டும் பாழாகும்.

அதைத் தடுக்கும் வேலை, ரெசினைத் தொடும் முன்பே நடக்கிறது. ரெசின் நுண்துளைகளில் புகுந்து இறுகிவிடும். ஆகவே பிளக்கின் மேற்பரப்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, துளைகளை அடைக்கிறார்கள். பூசிய வண்ணம் முற்றிலும் உலரக் காத்திருக்கிறார்கள். அரைகுறையாக உலர்ந்த பூச்சை ரெசினிலுள்ள ஸ்டைரீன் இளக்கிவிடும். அதன்பின் மெழுகு பூசி, உலரவிட்டு, துணியால் மெருகேற்றுகிறார்கள். புதிய பிளக்கிற்கு இதைப் பலமுறை செய்ய வேண்டும். அதன்மேல் பாலிவினைல் ஆல்கஹால் என்னும் மெல்லிய படலத்தைப் பூசுகிறார்கள்.

ரெசின் நன்கு இறுகிய பின்பும் அவசரமில்லை. இரும்புக் கம்பியால் நெம்பினால் விளிம்பு உடையும். மர ஆப்புகளைச் சுற்றிலும் சிறிது சிறிதாகச் செருகி, இடைவெளியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். படலம் நீரில் கரைய, அச்சு விடுபடுகிறது. படகை அச்சிலிருந்து எடுக்கும்போதும் இவ்வாறே.

அன்பானவர்களே, வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது நான் அடிக்கடி காணும் ஒரு வேதனை உண்டு. மகன் வேலைக்காக வெளியூர் போகிறான். மகள் மணமாகிப் போகிறாள். அந்தப் பிரிவில் சில வீடுகள் உடைந்துபோகின்றன. "இவ்வளவு பாசமாக வளர்த்தோமே" என்று பெற்றோர் அழுகிறார்கள். பாசம் குறைய வேண்டுமென்று நான் சொல்லவில்லை. மெழுகு, படகை அச்சிலிருந்து தள்ளி வைப்பதில்லை. அச்சிலுள்ள சிறு கீறல்கூடப் படகில் பதியும் அளவுக்கு இரண்டும் நெருங்கியே இருக்கின்றன. ஆயினும் பிரியும் நாளை முன்பே எண்ணி மெழுகிட்டிருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே ஒரு முடிவை அவனே எடுக்கட்டும். அவன் சொல்லும் மறுப்பைக் கோபமின்றிக் கேளுங்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு பூச்சு. புறப்படும் நாளில் அவசரமாகப் பூச இயலாது.

பிரிவு ஏற்கெனவே கசந்துவிட்டதா? இரும்பை எடுக்காதிருங்கள். கடிந்த வார்த்தையை விட்டு, இந்த வாரம் அந்தப் பிள்ளையை அழைத்து நலம் மட்டும் விசாரியுங்கள். கடலுக்குப் போகவே படகு செய்யப்படுகிறது. போகிற நம் பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக. ஆமென்.